மைக்கா கதவுல பெயிண்ட் நிக்குமா, ஆவணிக்குள்ள கிச்சன் முடியுமா?

மன்னார்குடி பக்கத்து கிராமத்துலேருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க, சுருக்கி போடறேன்:

"எங்க வீட்டு அடுப்படியில ரெண்டு வகை கப்போர்டு இருக்கு. ஒரு பக்கம் மாமனார் காலத்து தேக்கு அலமாரி, பச்சை எனாமல் அடிச்சது, அப்ப விறகடுப்பு இருந்ததால கரி ஏறி கருத்துப்போயிருக்கு. மேடைக்கு கீழயும் மேலயும் பின்னாடி நாங்க போட்ட மைக்கா கதவு, பிரவுன் கலர், மங்கிப்போச்சு, சிங்க்குக்கு கீழ ஒரு கதவு உப்பிட்டு நிக்குது. மகளுக்கு ஆவணியில வளைகாப்பு, அது முடிஞ்சு இங்க அழைச்சிட்டு வந்துடுவோம், பிரசவம் வரைக்கும் இங்கதான் இருப்பா. அதுக்குள்ள எல்லாத்தையும் வெள்ளையா மாத்தணும்னு ஆசை. பெயிண்டர் வந்து பார்த்துட்டு லேசா தேய்ச்சு ரெண்டு கோட்டு எனாமல் போட்டா மூணே நாள்ல முடிஞ்சிடும்ங்கிறார். இவங்கப்பா மைக்கா மேல பெயிண்டே நிக்காது, எல்லாத்தையும் பேத்துட்டு மாடுலர் போட்டுடலாம்ங்கிறார், அதுக்கு லட்சக்கணக்குல ஆகும். நானே செய்யலாமான்னும் தோணுது. என்ன பண்றது?"

வணக்கம்மா. பாட்டியாகப் போறீங்க, மகளுக்கும் உங்களுக்கும் வாழ்த்துகள்.

மைக்கா மேல, அதாவது பலகை மேல ஒட்டற அந்த வழவழப்பான லேமினேட் ஷீட்டு மேல, பெயிண்ட் நிக்கும், நல்லாவே நிக்கும், ஆனா உங்க பெயிண்டர் சொன்ன மாதிரி செஞ்சா நிக்காது. அதனால இந்த விஷயத்துல ரெண்டு பேருமே பாதிதான் சரி. ஆவணிக்குள்ள முடியும், ஆனி மாசத்துல வேலையை முடிச்சிட்டீங்கன்னா ஆடி முழுக்க வாடை போறதுக்கும் பெயிண்ட் இறுகுறதுக்கும் கிடைக்கும். அத்தனை நாள் எதுக்குன்னு கேக்காதீங்க, சொல்றேன்.

முதல்ல அந்தப் பச்சை அலமாரி, ஏன்னா உங்க கடிதத்துல எனக்கு கவலை குடுத்தது அதுதான். பழைய பச்சை, மஞ்சள், சிவப்பு எனாமல்ல நிறத்துக்காகவும் சீக்கிரம் காயறதுக்காகவும் காரீயம் (லெட்) சேர்த்த காலம் ஒண்ணு இருந்துச்சு. வீட்டு பெயிண்ட்ல காரீயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 90 பங்குக்கு) மேல இருக்கக்கூடாதுன்னு நம்ம நாட்டுல சட்டமா வந்ததே 2016ல, அமலுக்கு வந்தது 2017 நவம்பர்ல. உங்க மாமனார் காலத்து பெயிண்ட்ல அது இல்லைன்னு கண்ணால பார்த்து யாராலயும் சொல்ல முடியாது, அதனால இருக்குன்னே வச்சுக்கிட்டு வேலை பார்க்கணும். இதை காய்ஞ்ச உப்புத்தாள் போட்டு பரபரன்னு தேய்ச்சா அந்தத் தூள் பருப்பு டப்பா மேல, தரையில, ஜன்னல் கம்பியில எல்லாம் போய் உக்காந்துக்கும், வயித்துப் பிள்ளைக்கும் தவழற குழந்தைக்கும் அது ஆகவே ஆகாது. மெஷின் வச்சு தேய்க்கவே விடாதீங்க. ஊதுவிளக்கு வச்சு எரிச்சு சுரண்டறதும் வேணாம், அந்தப் புகையிலயும் காரீயம் வரும்.

அதுக்குப் பதில் வாட்டர் பேப்பர், அதாவது தண்ணியில நனைச்சுத் தேய்க்கிற உப்புத்தாள் வாங்குங்க, பக்கெட்ல சோப்புத் தண்ணி வச்சுக்கிட்டு நனைச்சு நனைச்சு தேய்க்கணும். தூள் பறக்காது, கூழா வரும், அதை பழைய துணியால துடைச்சு துணியோட பையில கட்டி குப்பைக்கு குடுத்துடுங்க, அந்தத் தண்ணியை கொல்லையில வாழைக்கோ கீரைப்பாத்திக்கோ ஊத்தாதீங்க. பெயிண்டை முழுசா எடுக்கணும்னு இல்லை, மினுமினுப்பு போய் மேல்தோல் சொரசொரன்னு ஆனா போதும், உரியற இடத்தை மட்டும் நனைச்சு சுரண்டிடுங்க. வேலை செய்றவங்க மூக்குக்கு நல்ல மாஸ்க் போடணும், துணி மாஸ்க் பத்தாது. மகள் இந்த நேரத்துல ஒரு நாள் வந்து பார்த்துட்டு போறேன்னு கிளம்பினாலும் வேணாம்னு சொல்லிடுங்கம்மா, முடிச்சு தரையெல்லாம் ஈரத்துணி போட்டு ரெண்டு மூணு தடவை துடைச்சப்புறம் வரட்டும்.

அந்தத் தேக்கை சுத்தமா உரிச்சு பாலிஷ் போட்டா எவ்வளவு அழகா இருக்கும்னு எனக்கும் ஆசையாத்தான் இருக்கு, இன்னைக்கு அந்த மாதிரி பழுத்த தேக்கு பலகை காசு குடுத்தாலும் சுலபமா கிடைக்காது. ஆனா அது பேரப்பிள்ளை வளர்ந்தப்புறம் பார்த்துக்கலாம், இப்ப நேரமும் இல்லை, வீட்டு நிலைமையும் அதுக்கு இல்லை. இப்போதைக்கு பழைய பெயிண்டை அப்படியே உள்ள வச்சு மேல நல்லா மூடிடறதுதான் பத்திரம்.

இதுல கரி பத்தி ஒண்ணு சொல்லணும். விறகடுப்பு புகை ஏறின மரத்துல எண்ணெயும் கரியும் சேர்ந்து தார் மாதிரி ஊறியிருக்கும், மேல வெள்ளை அடிச்சா காஞ்சதும் பழுப்பா திட்டுத் திட்டா மேல வந்துடும், எத்தனை கோட்டு போட்டாலும் வரும். அதுக்கு கழுவித் தேய்ச்சு காய வச்சப்புறம் ஒரு மெல்லிசு கோட்டு அரக்கு போடணும். பாலிஷ் வேலைக்காரங்க அரக்குச் செதிலை ஸ்பிரிட்ல ஊற வச்சு எடுப்பாங்கல்ல, அதேதான், மெழுகு நீக்கினதுன்னு கேட்டு வாங்குங்க, மெழுகு இருந்தா மேல வர்ற பெயிண்ட் பிடிக்காது. இந்தக் கோட்டு கறையை உள்ளயே அடைச்சிடும். எங்கயாவது பச்சை போய் வெறும் தேக்கு தெரிஞ்சா அந்த இடத்தை மட்டும் தின்னர் துணியால ஒரு தடவை துடைச்சிட்டு அரக்கு போடுங்க, தேக்குல இயல்பாவே எண்ணெய் இருக்கு, அது பெயிண்டை காய விடாது. அதுக்கு முன்னாடி அலமாரியோட முதுகுப் பலகையை விரலால தட்டிப் பார்த்துக்கங்க, நம்ம பக்கம் செவுத்துல ஈரம் ஏறி கரையான் வர்றது சகஜம், பொத்துன்னு சத்தம் வந்தா அந்தப் பலகையை மாத்தி மருந்து அடிச்சப்புறம்தான் பெயிண்ட் பேச்சு.

இப்ப மைக்கா. பெயிண்டர் சொன்ன மூணு நாள் கணக்கு எங்க உதைக்குதுன்னா, சாதாரண வுட் பிரைமர் மரத்துக்காக செஞ்சது, மரம் அதை உறிஞ்சிக்கும், அதனால பிடிக்கும். மைக்கா ஒண்ணையும் உறிஞ்சாது. மேல வெறுமனே காஞ்சு நிக்கும், பார்க்க முதல் மாசம் பளபளன்னு இருக்கும், அப்புறம் கைப்பிடி பக்கத்துல நகம் பட்ட இடத்துல ஆரம்பிச்சு வாழைப்பட்டை மாதிரி நீளமா உரிஞ்சு வரும். இந்தப் புகார்தான் எங்க கிட்ட அதிகம் வருது, எல்லாரும் பெயிண்ட் கம்பெனியைத் திட்டுறாங்க, பெயிண்ட் மேல தப்பே இருக்காது.

மைக்காவுக்கு வேண்டியது மூணுதான். எண்ணெய் சுத்தமா போகணும், மேல்பக்கம் சொரசொரன்னு ஆகணும், பிரைமர் வழவழப்பான பரப்புல ஒட்டறதுக்குன்னே செஞ்சதா இருக்கணும். இதுல முக்கால்வாசி பேர் தப்பு பண்றது எண்ணெயிலதான். அடுப்புக்கு பக்கத்துல இருக்கிற கதவை கழட்டி வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சு பாருங்க, மேல் விளிம்புலயும் கைப்பிடிக்கு அடியிலயும் தேன் கலர்ல ஒரு பிசின் உறைஞ்சிருக்கும், வருஷக்கணக்கா வடை சுட்டு அப்பளம் பொரிச்ச ஆவி அது, விரல் வச்சா ஒட்டும், சோப்புத் துணியால ஒரு தடவை துடைச்சா போகாது. வெந்நீர்ல சலவை சோடாவும் கொஞ்சம் பாத்திர சோப்பும் கலந்து, கைக்கு கிளவுஸ் போட்டுக்கிட்டு, பழைய டூத் பிரஷ் வச்சு விளிம்பெல்லாம் தேய்க்கணும், அப்புறம் நல்ல தண்ணியில துணியை முக்கிப் பிழிஞ்சு சோடா வழவழப்பு போற வரைக்கும் துடைக்கணும். தண்ணியை ஊத்திக் கழுவாதீங்க, மைக்காவுக்கு உள்ள இருக்கிறது பார்ட்டிகிள் போர்டா (மரத்தூளை பசை போட்டு அழுத்தின பலகையா) இருந்தா ஓரத்து வழியா குடிச்சிட்டு உப்பிடும். எண்ணெய் மிச்சம் இருக்கிற இடத்துல பெயிண்ட் ஒட்டாம சின்னச் சின்ன வட்டமா விலகி விலகி நிக்கும், அதை மேல மேல அடிச்சு சரி பண்ண முடியாது, மறுபடி தேய்ச்சு முதல்லேருந்து வரணும்.

கழுவி ஒரு நாள் காஞ்சப்புறம் 180ம் நம்பர் உப்புத்தாள், முடிக்கிறதுக்கு 220. இங்க காய்ஞ்ச தாளே போதும், ஆனா கொல்லையில வச்சு தேய்ங்க, மாஸ்க் வேணும். அழுத்தித் தேய்க்கக்கூடாது, பளபளப்பு போனா நிறுத்திடணும், மைக்கா மொத்தமே ஒரு மில்லி கனம்தான், அதுல கலர் இருக்கிறது மேல ஒரு காகித அளவு, அதுக்கு கீழ பழுப்புக் காகிதம் தெரிய ஆரம்பிச்சா அதிகமா போயிட்டீங்கன்னு அர்த்தம். தூளை ஈரத்துணியால துடைச்சிட்டு கொஞ்சம் தண்ணியை தெளிச்சுப் பாருங்க, முத்து முத்தா உருண்டு நின்னா இன்னும் எண்ணெயோ பளபளப்போ பாக்கி இருக்கு, படர்ந்து நின்னா ரெடி.

பிரைமருக்கு கடையில பாண்டிங் பிரைமர்னு கேளுங்க, மைக்கா, டைல்ஸ், கண்ணாடி மேல ஒட்டும்னு டப்பாவுலயே போட்டிருக்கும். மன்னார்குடியில கிடைக்கலைன்னா தஞ்சாவூர்லயோ கும்பகோணத்துலயோ பெரிய கடையில கேட்டா வரவழைச்சு தருவாங்க. அதுவும் இல்லைன்னா ரெண்டு டப்பா கலக்கிற எபாக்சி பிரைமர் நல்லாவே பிடிக்கும், ஆனா கலந்தா சில மணி நேரத்துல கெட்டியாயிடும், வாடையும் அதிகம், அதை பெயிண்டர் கையில குடுத்துடுங்க, நீங்க தொடாதீங்க.

எல்லாக் கதவையும் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சோதனை செய்யணும், இதை மட்டும் விட்டுடாதீங்கம்மா. ஒரு கதவோட உள்பக்கம் ஒரு ஜாண் அளவுக்கு கழுவி, தேய்ச்சு, பிரைமர், ரெண்டு கோட்டு பெயிண்ட் எல்லாம் முறையா போட்டு ஒரு வாரம் விடுங்க. அப்புறம் பிளேடால குறுக்கும் நெடுக்குமா ஆறு ஆறு கோடு கோலத்துக்கு கட்டம் போடற மாதிரி நெருக்கமா கீறி, மேல நல்லா ஒட்டற டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்குன்னு பிடுங்குங்க. டேப்புல கட்டம் கட்டமா பெயிண்ட் வந்துச்சுன்னா அந்த பிரைமர் உங்க மைக்காவுக்கு ஆகலை, இல்லைன்னா கழுவுனது பத்தலை. ஒண்ணு ரெண்டு பொட்டு மட்டும் வந்தா பரவாயில்லை, தாராளமா இறங்கலாம்.

பெயிண்ட் எனாமல்தான் போடணும், ஆனா தின்னர் கலக்குற எண்ணெய் எனாமல் வேணாம், தண்ணி கலக்குற எனாமல் வாங்குங்க. ரெண்டு காரணம். வெள்ளை எண்ணெய் எனாமல் வெளிச்சம் படாத இடத்துல மஞ்சளா மாறும், அடுப்படி மூலையில சீக்கிரம் மாறும், நீங்க ஆசைப்பட்ட வெள்ளை அடுத்த பொங்கலுக்கு பழைய வேட்டி கலர்ல இருக்கும். இன்னொண்ணு வாடை, கர்ப்பிணி வந்து தங்கப்போற வீட்டுல தின்னர் நெடி வாரக்கணக்கா இருக்கிறது சரி வராது. பெயிண்டருங்க சிலர் தண்ணி எனாமல்ல மினுக்கு வராது, உழைக்காதுன்னு சொல்லுவாங்க, இப்ப வர்றது அப்படி இல்லை, முழுசா இறுகறதுக்கு மூணு நாலு வாரம் எடுக்கும், அதுக்கு விட்டுட்டா நல்லா உழைக்குது. தொட்டுப் பார்த்தா ஒட்டலைன்னா காஞ்சாச்சுன்னு நினைச்சு சாத்திடறாங்க, கதவும் சட்டமும் ஒண்ணோட ஒண்ணு பிடிச்சிக்கிட்டு, திறக்கும்போது பெயிண்ட் பிச்சிக்கிட்டு வருது, அதுக்குதான் ஆடி முழுக்க வேணும்னு சொன்னேன். மாட்டினப்புறம் முதல் ரெண்டு வாரம் ஈரத்துணி போடாதீங்க, கதவு மூடற இடத்துல சின்ன ரப்பர் பொட்டு ஒட்டிடுங்க.

பளபளப்புல நடுத்தரமா சாட்டின் ஃபினிஷ் எடுங்க. மேட் எடுத்தா எண்ணெய்க் கறை உள்ள போயிடும், ஃபுல் கிளாஸ் எடுத்தா பழைய கதவோட மேடு பள்ளமெல்லாம் தெரியும். அளவுக்கு, ஒரு லிட்டர் ரெண்டு கோட்டுக்கு சுமார் 80லேருந்து 100 சதுர அடி வரும், ரெண்டடிக்கு ஒன்றரை அடி கதவு ரெண்டு பக்கமும் சேர்த்து ஆறு சதுர அடி, உங்க கதவை எண்ணி பெருக்கிக்கங்க.

சிங்க்குக்கு கீழ உப்பின கதவு விஷயத்துல உங்க வீட்டுக்காரர் சொல்றதுதான் சரி. பார்ட்டிகிள் போர்டு ஒரு தடவை தண்ணி குடிச்சு உப்பிட்டா திரும்ப பழையபடி ஆகாது, மக்கு வச்சு தேய்ச்சு மறைச்சாலும் உள்ள உதிர்ந்துக்கிட்டேதான் இருக்கும். அந்தக் கதவையும், தரைப் பலகை ஊறியிருந்தா அதையும் மாத்திடுங்க, ஐஎஸ் 710 முத்திரை இருக்கிற, தண்ணி தாங்குற பிளைவுட் கேட்டு வாங்குங்க, ஐஎஸ் 303 போட்ட சாதாரண பிளைவுட் அந்த இடத்துக்கு வேணாம், பிவிசி போர்டுன்னாலும் சரி. அதுக்கு முன்னாடி சிங்க்கோட வேஸ்ட் பைப்புல கசிவு எங்கன்னு பார்த்து அடைங்க. ஒரு கதவு மாத்துறதுக்காக மொத்தத்தையும் பேக்கறது எனக்கு உடன்பாடு இல்லை, மத்த கதவெல்லாம் கட்டியா இருக்கில்ல?

நீங்களே செய்யலாமான்னா, கழட்டறது, கழுவறது, மைக்கா தேய்க்கறது எல்லாம் தாராளமா செய்யலாம், சொல்லப்போனா கூலிக்கு வர்றவங்களை விட வீட்டுக்காரங்க கழுவினாத்தான் சுத்தமா இருக்கும். அலமாரி தேய்க்கிறதையும் அரக்கு போடறதையும் ஆளை விட்டு பக்கத்துல நின்னு பாருங்க. பெயிண்ட் அடிக்க நாலு இஞ்ச் ஸ்பாஞ்சு ரோலர் நல்லா வரும், மூலைக்கு மட்டும் பிரஷ். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவுல 320 தாள்ல தடவிக் குடுத்து துடைச்சிடணும்.

கழட்டும்போது கீல் உக்கார்ற குழிக்குள்ள பென்சில்ல நம்பர் போடுங்க, சட்டத்துலயும் அதே நம்பர். கீலுக்கு பெயிண்ட் அடிக்காதீங்க. திருகாணி ஓட்டை தளர்ந்திருந்தா தீக்குச்சியை ஃபெவிகால்ல தோய்ச்சு அடைச்சு காய விட்டு திருகுங்க, பிடிச்சுக்கும். உள்தட்டெல்லாம் அடிக்கவே வேணாம், எவர்சில்வர் டப்பாவை இழுத்து இழுத்து வைக்கிற இடம், எந்தப் பெயிண்டும் அங்க தாங்காது, சுத்தம் பண்ணி ஷீட் போட்டுடுங்க.

தின்னரும் ஸ்பிரிட்டும் எடுக்கிற அன்னைக்கு சிலிண்டரை கழட்டி வெளிய வச்சுடுங்க, ஃபிரிட்ஜ் அடுப்படியில இருந்தா ஆஃப் பண்ணிடுங்க, அந்த ஆவி தரையோட தவழும், சின்ன பொறி போதும். சமையலை சில நாள் தாழ்வாரத்துக்கு கொண்டுபோயிடுங்க.

கதவை எங்க வச்சு அடிக்கிறதுன்னா கூடம்தான் நல்லது. ஆனியில மேல்காத்து எழுந்துடும், கொல்லையில வச்சா புழுதி வந்து ஒட்டும், கூடத்துல ஜன்னலைக் கொஞ்சமா திறந்து வச்சு தரையில தண்ணி தெளிச்சிட்டு காலையில அடிங்க, லைட்டு போட்டதும் வேலையை நிறுத்திடணும், பூச்சி வந்து ஈரப் பெயிண்ட்ல உக்காந்துடும். இதைப் படிக்கிற மத்தவங்களுக்கும் சொல்றேன், நம்ம பக்கம் ஐப்பசி கார்த்திகையில கதவு வேலையே வச்சுக்காதீங்க, மழை ஈரத்துல பெயிண்ட் காயாது, சம்பா வயல்லேருந்து பச்சைப்பூச்சி விளக்குக்கு படையெடுக்கும், பாலிஷ் போட்டா வெள்ளையா பூத்துடும். தை கடைசி வரைக்கும் அறுப்பு மெஷின் சுணை பறக்கும். மாசி பாதியிலேருந்து பங்குனி வரைக்கும்தான் எங்களுக்கு மனசார பிடிச்ச காலம்.

கலர் உங்க இஷ்டம், ஆனா மேடைக்கு கீழ சுத்த வெள்ளை வேணாம்னு சொல்வேன். மஞ்சத்தூள் கை படற இடம் அது, மாப்பு போடற தண்ணியும் தெறிக்கும். மேல் கதவு வெள்ளை, கீழ சந்தன கலரோ மெல்லிசான சாம்பலோ வச்சா கண்ணுக்கும் நல்லா இருக்கும், தேக்கு அலமாரிக்கும் அதே கீழ்க்கலர் குடுத்தா ரெண்டு காலத்து வேலையும் ஒண்ணா சேர்ந்துடும். பெயிண்டரை வச்சு செஞ்சா கூலி தனி, சாமான் தனின்னு பேசுங்க, சாமானை நீங்களே வாங்குங்க, டப்பா உங்க முன்னாடி திறக்கட்டும், தண்ணி கலக்குறதும் டப்பாவுல போட்டிருக்கிற அளவுதான்.

வேலை முடிஞ்சதும் மிச்ச பெயிண்டை சின்ன கண்ணாடி பாட்டில்ல நிறைய ஊத்தி இறுக்கி மூடி, மேல கலர் நம்பரும் மாசமும் எழுதி வெயில் படாத இடத்துல வச்சுடுங்க, எங்கயாவது பாத்திரம் இடிச்சு பெயர்ந்தா அதே கலர் கைவசம் இருக்கும். டேப் சோதனையில நிறைய உதிர்ந்துச்சுன்னா மத்த கதவை தொடாம எந்த பிரைமர் போட்டீங்கன்னு டப்பா படத்தோட எழுதுங்க, பார்த்துச் சொல்றேன்.